ஸ்ட்ரெச்சிங் வேகத்தைக் குறைக்குமா? ஒரு ஆய்வு, இரண்டு தவறான வாசிப்பு

போடியில் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்களிடம் இரண்டு கட்சி உண்டு. "உடம்பு வளைஞ்சாத்தான் வேகம் வரும்" என்று ஓட்டத்துக்கு முன்னால் காலை இழுத்துப் பிடித்து நிமிடக்கணக்கில் உட்காருவது ஒன்று. "ஸ்ட்ரெச்சிங் பண்ணினா வேகம் போயிடும், ஆராய்ச்சியே சொல்லுது" என்பது இன்னொன்று. 100 மீட்டரில் 15 நொடிக்கு ஒரு ஸ்டார், 13.5 நொடிக்கு இரண்டு ஸ்டார் என்னும்போது இது வெறும் அரட்டை இல்லை.

டேவிட் பெஹ்ம் குழுவின் 2016 தொகுப்பாய்வைப் பார்ப்போம். அசையாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் செயல்திறனை சராசரியாக 3.7% குறைக்கிறது, அசைந்து செய்யும் டைனமிக் ஸ்ட்ரெச்சிங் 1.3% கூட்டுகிறது. இரண்டாம் கட்சி இதோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறது.

என் விமர்சனமும் அந்த 3.7 மேல்தான். அதில் தசை பலச் சோதனைகளும் சேர்ந்திருக்கு. வேகம், தாவல் போன்றவற்றைத் தனியாகப் பிரித்தால் சரிவு 1.3%தான். ஒரு தசையை 60 நொடிக்குக் குறைவாக இழுத்தால் மொத்தச் சரிவே 1.1%; அதற்கு மேல் போனால் 4.6%. இன்னொன்று, இவை பெரும்பாலும் இழுத்த 3–5 நிமிடத்துக்குள் அளந்தவை. முழு வார்ம்-அப் செய்து பத்து நிமிடத்துக்கு மேல் கழித்து அளந்தால் தெளிவான பாதிப்பு இல்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. எங்க தொழில் பாஷையில், ஆய்வகத்து பெஞ்ச்மார்க் வேற, ப்ரொடக்‌ஷன் வேற.

முதல் கட்சிக்கும் இதில் ஆதாரம் கிடையாது. வளைவுத்தன்மை வேற, ஓட்டத்துக்கு முன் இழுப்பது வேற. சர்வதேசத் தரமுள்ள 34 நெடுந்தூர ஓட்டக்காரர்களை வைத்து ஆண்ட்ரூ ஜோன்ஸ் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்து குனிந்து அதிக தூரம் தொட முடியாதவர்களே குறைந்த ஆக்சிஜனில் ஓடினார்கள். அதனால் விறைப்புதான் வேகம் தரும் என்று ஆகாது. அது தொடர்பு மட்டும், அதுவும் நெடுந்தூர ஓட்டத்தில்.

தேவையான அளவு வளையணும், அவ்வளவுதான். குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டச் சரிவில் ஏறும்போது சமதளத்தைவிட கணுக்கால் அதிகம் மடங்கணும். மடங்காவிட்டால் குதிகால் தூக்கிக்கும். 100 மீட்டர் கேட்பது வேறு அளவு.

ஆகவே தம்பிகளே, நீண்ட ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாளில் மெல்ல ஓடி, காலை வீசி, முழங்கால் உயர்த்தி, ரெண்டு மூணு குறு ஓட்டம் போட்டுவிட்டுக் கோட்டுக்குப் போங்க. நடுவில் பழக்கதோஷத்தில் பதினைந்து நொடி தொடையை இழுத்துவிட்டால் ஸ்டார் போயிடுச்சேன்னு பதற வேண்டாம்.