ஆக்ஸ்போர்டில் ஒரு தர்க்கதீர்த்தர்

இந்தியத் தத்துவம் என்றதும் தியானம், முக்தி, மோனம் என்று பேச ஆரம்பித்துவிடுவது வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் பழகிப்போனதுதான். அந்தப் பழக்கத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் பிமல் கிருஷ்ண மதிலால் (1935–1991). வங்காளத்து ஜயநகரில் பிறந்தவர். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபடியே பண்டிதர்களிடம் நியாயம் என்னும் தர்க்க மரபைப் பயின்று, 1962இல் தர்க்கதீர்த்தர் பட்டம் பெற்றார். அடுத்து ஹார்வர்டு. அங்கே சமஸ்கிருத அறிஞர் இங்கால்ஸின் வழிகாட்டலில் ஆய்வு, தத்துவர் குவைனிடம் கணிதத் தர்க்கம். 1965இல் முனைவரானார். பிறகு டொரொன்டோவில் பேராசிரியர். இந்தியத் தத்துவத்துக்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கினார்.

1976இல் அவருக்குக் கிடைத்த ஆக்ஸ்போர்டின் ஸ்பால்டிங் இருக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் அமர்ந்தவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். அடுத்து வந்த சேனர், அனுபூதி ஆய்வுக்குப் பேர்போனவர். இருவருக்கும் பின் ஒரு தர்க்கவாதி வந்தது குறும்பான திருப்பம். தமது தொடக்க உரையிலேயே அனுபூதியைத் தர்க்கத்தின் வெளிச்சத்தில் நிறுத்தினார் மதிலால்.

அவருடைய முனைவர் ஆய்வு இன்மையைப் பற்றியது. ‘தரையில் குடம் இல்லை’ என்கிறோமே, அப்போது நாம் அறிவது எதை? வெறும் தரையையா? இல்லை, குடத்தின் இன்மையையே காண்கிறோம் என்பது நியாயத்தின் விடை. இன்மை எப்போதும் ஏதோ ஒன்றின் இன்மை. ஏதோ ஓரிடத்தில் இருக்கும் இன்மை. அப்படியொரு பொருளே கிடையாது என்றார்கள் பௌத்தர்கள். 14ஆம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசரும், பின்னர் நவத்வீபத்தின் ரகுநாத சிரோமணியும் இத்தகைய கேள்விகளுக்காகவே துல்லியமான ஒரு தொழில்நுட்ப நடையை வளர்த்தார்கள். குறியீடு ஒன்றுகூட இல்லாத அந்த நடையைக் குறியீட்டுத் தர்க்கம் கற்ற வாசகருக்கு விளங்கவைத்தது மதிலாலின் முதல் சாதனை.

என் பார்வையில் அதைவிடப் பெரியது, பிறர் சொல்லைப் பற்றி அவர் செய்த பணி. நம் பிறந்த தேதி நமக்கு எப்படித் தெரியும்? யாரோ சொன்னார்கள். அது அறிவா, வெறும் நம்பிக்கையா? மேலைத் தத்துவர் ஹியூம் இதை அனுபவத்திலிருந்து பெறும் ஊகமாகவே கண்டார். வைசேஷிகரும் பௌத்தரும் ஏறக்குறைய அதே கட்சி. நம்பத்தக்கவன் சொல் தானே நேராக அறிவைத் தரும், அது தனிப் பிரமாணம், அதாவது அறிவைப் பெறும் தனி வழி என்று வாதாடியவர்கள் நியாய மரபினரான நையாயிகர்கள். மேற்கில் நெடுங்காலம் ஓரத்தில் கிடந்த இந்தக் கேள்வி இங்கே பல நூற்றாண்டுகள் நடுக்கூடத்தில் நடந்த சண்டை. அரிந்தம் சக்ரவர்த்தியுடன் சேர்ந்து மதிலால் தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1994இல் வெளிவந்த நூலில் ஸ்ட்ராசன், டம்மெட் போன்ற மேலைத் தத்துவர்களும்கூட எழுதியிருக்கிறார்கள். இரு மரபுகளும் ஒரே சிக்கலை நேருக்கு நேர் பேசிய அபூர்வமான இடம் அது.

மகாபாரதத்தையும் அவர் விடவில்லை. மெய்யே பேசும் கௌசிகர், மக்கள் ஒளிந்த இடத்தைக் கொள்ளையருக்குச் சொல்லிவிட்டு நரகம் போன கதையை, பொய் எந்நிலையிலும் கூடாது என்ற காண்ட்டின் எதிரே நிறுத்தினார்.

குறை இல்லாமலில்லை. ‘ஆன்மிக இந்தியா’ என்ற கற்பிதத்தை 1960களிலேயே தாக்கிய தத்துவர் தயா கிருஷ்ணா வேறு வழியில் போனார். 1983இல் புணேயில் பண்டிதர்களையும் மேலைத் தத்துவம் கற்றவர்களையும் கூட்டி, ரஸ்ஸலின் கருத்துகளைச் சமஸ்கிருதத்தில் விவாதிக்கச் செய்தார்கள் அவரும் நண்பர்களும். மதிலால் பண்டிதர்களின் வாதங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். தயா கிருஷ்ணா பண்டிதர்களையே பேச அழைத்தார். மதிலாலின் பக்கங்களில் தீர்ப்புச் சொல்லும் வாசகர் பெரும்பாலும் ஆக்ஸ்போர்டுக்காரராகவே இருக்கிறார் என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

இன்னொன்று தமிழ் வாசகருக்கே உரிய மனத்தாங்கல். மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் மணிமேகலைக்குப் பாடம் சொல்லும் அரவண அடிகள், பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று அனுமானத்தை அடுக்கி, அதன் போலிகளையும் வகைவகையாகச் சொல்கிறார். பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகர் வழிவந்த நியாயப்பிரவேசம் என்னும் நூலுக்கு மிக நெருக்கமான பகுதி என்பது அறிஞர் பலரும் காட்டியதே. மதிலால் வரைந்த இந்தியத் தர்க்கத்தின் வரைபடமோ ஏறத்தாழ முழுக்கச் சமஸ்கிருத நூல்களால் ஆனது. காஞ்சியில் நடந்த அந்தப் பாடம் அதில் சேரவில்லை.