அசையாத ஒன்றுக்கு அஞ்சுதல்

செடியைத் திரையில் பகைவனாக்க நினைக்கும் எவருக்கும் முதல் தடை ஒன்றுதான்: செடி நின்ற இடத்தில் நிற்கும். துரத்தாது, முறைக்காது, குரல் எழுப்பாது. அது வளர்வதைக்கூட நம் கண் பிடிப்பதில்லை. நாவலாசிரியருக்கு இதைச் சமாளிக்க வழி உண்டு. ஜான் விண்டம் 1951இல் வெளியான 'தி டே ஆஃப் தி ட்ரிஃபிட்ஸ்' நாவலில் தாவரங்களை நடக்கவைத்தார்; கூடவே மனிதர்களின் பார்வையைப் பறித்து இரு தரப்பையும் சமமாக்கிக்கொண்டார். வாரத்துக்கு 25 நிமிடம், சிறிய அரங்கம், கையிருப்பில் இருக்கும் உடைகள் என்று ஓடிக்கொண்டிருந்த பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடருக்கு அவ்வளவு வசதி கிடையாது. ஆனாலும் 1976 ஜனவரி 31 முதல் மார்ச் 6 வரை ஆறு சனிக்கிழமைகளில் ஒளிபரப்பான 'தி சீட்ஸ் ஆஃப் டூம்' என்ற கதை, வேற்றுலகத் தாவரத்தைப் பற்றிப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி செய்தவற்றில் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. அதன் வெற்றியும் சறுக்கலும் ஒரே கேள்வியில் அடங்கியிருக்கின்றன: அச்சம் செடியிடமிருந்து வருகிறதா, செடியாகிக்கொண்டிருக்கும் மனிதனிடமிருந்து வருகிறதா?

எழுதியவர் ராபர்ட் பேங்க்ஸ் ஸ்டூவர்ட், இயக்கியவர் டக்ளஸ் கேம்ஃபீல்ட். அண்டார்க்டிகாவின் உறைநிலத்தில் ஆய்வாளர்கள் ஒரு பெரிய விதைநெற்றைத் தோண்டி எடுக்கிறார்கள். புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் அது விழித்துக்கொள்கிறது, வெடிக்கிறது, உள்ளிருந்து நீளும் கொடி வின்லெட் என்பவரின் கையில் கொட்டுகிறது. அதன் பிறகு முதல் பகுதி ஏறக்குறைய ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றியே நடக்கிறது. தோல் பச்சையாகிறது, உடலெங்கும் பாசிபோல ஏதோ படர்கிறது. கிரைனாய்ட் என்ற இந்தத் தாவரம் ஓர் அண்டக் களை என்றும், அது வேர் பிடித்த உலகங்களில் தாவரங்கள்தான் விலங்குகளைத் தின்னும் என்றும் தொடரின் நாயகனான டாக்டர் சொல்கிறார். கையை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வெட்ட வேண்டியவரோ அறுவை மருத்துவம் அறியாத சக ஊழியர் மோபர்லி. அவர் கருவிகளைத் தயார் செய்யும் நேரத்தில் கட்டிலில் கிடப்பது வின்லெட்டாக இல்லை.

இந்தப் பகுதியின் வலிமை அதன் மெதுவான நடையில் இருக்கிறது. தாவரம் நகராது என்ற குறையை ஸ்டூவர்ட் மறைக்கவில்லை. அதன் வேகத்தையே, அதாவது படர்தலின் வேகத்தையே, ஒரு மனித உடலுக்குள் கொண்டுவந்துவிட்டார். கடன் வாங்கியவை வெளிப்படையாகத் தெரிகின்றன. பனிக்கடியில் கண்டெடுக்கப்படும் தாவர உயிர் 1951இல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' படத்தில் உண்டு. மனிதன் அணு அணுவாகத் தாவரம் போன்ற ஒன்றாக மாறுவது 1953இல் பிபிசியே ஒளிபரப்பிய 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' தொடரின் மையம். இதைக் குறையாக எண்ண எனக்கு மனமில்லை. அந்த இரண்டையும் இணைத்து, 25 நிமிடத் துண்டுகளுக்கு ஏற்ற இறுக்கத்தோடு தந்தது எளிய வேலை அல்ல. அந்த நாளின் ஆறு பகுதிக் கதைகள் பலவும் நடுவில் தொய்ந்து, ஓடுவதும் பிடிபடுவதுமாக நேரத்தைக் கழிக்கும். இங்கே முதல் இரண்டு பகுதிகள் பனிவெளியிலும் அடுத்த நான்கு இங்கிலாந்திலும் என்று பிரித்ததால் கதை இரண்டு முறை புதிதாகத் தொடங்குகிறது. வெளிப்புறக் காட்சிகளையும் அரங்கில் பயன்படும் வீடியோ முறையிலேயே பதிவு செய்திருப்பது இன்னொரு நன்மை. அக்காலத் தொடர்களில் கதவைத் திறந்து வெளியே போனதும் படத்தின் தன்மையே மாறிக் கண்ணை உறுத்தும். அந்த உறுத்தல் இதில் இல்லை.

விதைநெற்றுகள் இரண்டிரண்டாகத்தான் வரும். இரண்டாவது நெற்றைத் திருடி இங்கிலாந்துக்குக் கொண்டுவரச் செய்பவன் ஹாரிசன் சேஸ். மாளிகையும் பெருஞ்செல்வமும் உடையவன், தாவரங்களைத் தவிர வேறெதையும் நேசிக்காதவன். டோனி பெக்லி இந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கும் விதத்துக்காகவே கதையை மறுபடி பார்க்கலாம். கறுப்புக் கையுறை, தாழ்ந்த குரல், மனிதரைத் தொட அருவருக்கும் உடல்மொழி. எங்கும் கத்துவதில்லை. தன் பசுமைக்கூடத்தில் உட்கார்ந்து செடிகளுக்காகத் தானே இசை வாசிக்கிறான். போன்சாய் மரம் வளர்ப்பது சித்திரவதை என்று அவன் கோபப்படும்போது, ஒரு நொடி நமக்கும் அவன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த ஒரு நொடியைச் சம்பாதித்ததுதான் எழுத்தின் வெற்றி.

செடிக்கு இசை வாசிப்பது எழுத்தாளரின் தனிக் கற்பனை அல்ல. பீட்டர் டாம்ப்கின்ஸும் கிறிஸ்டோபர் பேர்டும் எழுதிய 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்' 1973இல் வெளியாகிப் பெரும் பேச்சாகியிருந்தது. செடிகள் இசையை ரசிக்கின்றன, நம் எண்ணங்களை உணர்கின்றன என்றெல்லாம் சொன்ன நூல் அது. அதில் சிதம்பரத்துக்கும் ஓர் இடம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் டி.சி.என். சிங், 1950களில் கர்நாடக இசையைச் செடிகளுக்குக் கேட்கச் செய்து நடத்திய சோதனைகளை அந்த நூல் விரிவாகப் பேசுகிறது. அந்நூலின் பெரிய உரிமைகோரல்களைத் தாவரவியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் வீட்டுத்தொட்டிச் செடியிடம் பேசும் பழக்கம் ஒரு தலைமுறையையே பற்றிக்கொண்டது. அந்த மென்மையான ஆசையை எடுத்து, அதன் கடைசி எல்லைவரை ஒரு மனிதனை நடத்திச் சென்றால் என்ன ஆகும் என்று ஸ்டூவர்ட் பார்க்கிறார். அதன் விடைதான் சேஸ்.

கதையின் மிகக் கொடிய காட்சி இதிலிருந்தே பிறக்கிறது. இரண்டாவது நெற்று வெடிக்கும்போது அதன் கொடி தாக்குவது கீலர் என்ற தாவரவியலாளனை. சேஸிடம் கூலிக்கு வேலை பார்ப்பவன், மனசாட்சி உறுத்தியும் விலக முடியாத கோழை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி அவன் கெஞ்சுகிறான். சேஸ் அவனைத் தோட்டத்துக் குடிலில் கட்டிலோடு கட்டிவைத்து, மாற்றத்தை விரைவுபடுத்தப் பச்சை இறைச்சி கொடுக்கச் செய்கிறான். முதலில் மறுக்கும் கீலர் பிறகு தின்னத் தொடங்குகிறான். இங்கே ராட்சதன் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. கிரைனாய்டுக்குப் பசி மட்டுமே இருக்கிறது. சேஸுக்கு ஆவல் இருக்கிறது. மாலை நேரத்தில் குழந்தைகளும் பார்க்கும் தொடரில் இது அளவு கடந்தது என்று, தொலைக்காட்சியில் ஒழுக்கம் வேண்டிப் போராடிய மேரி வைட்ஹவுஸ் அக்காலத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். அவருடைய கவலையை வெறும் ஒழுக்கவாதம் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் இந்தக் காட்சியில் வன்முறை அலங்காரமாக இல்லை. நோயாளியை மாதிரிப்பொருளாகப் பார்க்கும் கண்ணின் கொடுமை எப்படிப்பட்டது என்று அது காட்டுகிறது. குழந்தைக்கும் அது புரியும், புரிய வேண்டியதும்கூட.

நான்காம் பகுதி முடியும் கட்டத்திலிருந்து பிடி தளர்கிறது. கீலர் முழுதும் மறைந்ததும் படர்தல் முடிந்துவிடுகிறது, பருத்தல் தொடங்குகிறது. முதல் கட்ட உருவத்துக்கு 1971இல் 'தி கிளாஸ் ஆஃப் ஆக்ஸஸ்' கதைக்காகச் செய்த உடைக்கே பச்சை வண்ணம் பூசிப் பயன்படுத்தினார்கள். அந்தச் சிக்கனத்தில் எனக்குக் குறையே இல்லை. நீளும் கொடிகளும் நொய்ந்த உருவமும் கதைக்குப் பொருந்தவே செய்கின்றன. குறை வேறிடத்தில். கிரைனாய்ட் வாய் திறந்து மனிதர்களோடு பேரம் பேசுகிறது. அதுவரை நம்மை அச்சுறுத்தியது அதனிடம் பேச எதுவுமில்லை என்பதே. மிரட்டத் தெரிந்தால் அது இன்னொரு கொள்ளைக்காரன், அவ்வளவுதான். பிறகு அது மாளிகையைவிடப் பெரிதாகிறது, சுற்றுவட்டாரச் செடிகொடிகளையெல்லாம் மனிதர்மேல் ஏவுகிறது. ஐவிக் கொடிகள் ஆளை நெரிப்பதும், சேஸின் அடியாள் ஸ்கார்பியைக் குளத்துப் பாசி உள்ளே இழுப்பதும் கேம்ஃபீல்டின் கையில் விறுவிறுப்பாக இருக்கின்றன. ஆனால் புல்லும் கொடியும் ஏன் அந்தக் கட்டளைக்குப் பணிகின்றன என்பதற்குக் கதை ஒரு வரிக்குமேல் செலவிடவில்லை.

முடிவு இன்னும் ஏமாற்றம். போர் விமானங்கள் வந்து மாளிகையின்மேல் குண்டு போடுகின்றன. டாம் பேக்கரின் டாக்டர் மற்றக் கதைகளில் பகைவனின் இயல்பைப் புரிந்துகொண்டு அதிலிருந்தே விடையைக் கண்டெடுப்பவர். இங்கே அவர் குத்துவிடுகிறார், கண்ணாடிக்கூரையை உடைத்துக் குதிக்கிறார், துப்பாக்கி நீட்டுகிறார். கடைசியில் விமானப்படைக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார். பேக்கர் அதைக் கடுங்கோபத்தோடு செய்வதால் நாம் நம்பிவிடுகிறோம். ஆனால் உறைபனிக்குப் பிறகும் உயிர்த்தெழும் ஒரு விதையைப் பற்றிய கதைக்கு, விதையின் இயல்பிலிருந்து வராத முடிவு பொருந்தவில்லை.

இதையெல்லாம்விட என்னை அதிகம் வருத்துவது, கதை தன் கையிலிருந்த உண்மையைக் காணாமல் போனது. சேஸின் மாளிகையாகக் காட்டப்படுவது டார்செட்டில் உள்ள ஏதல்ஹாம்ப்டன். கூம்பு கூம்பாகக் கத்தரிக்கப்பட்ட பெரிய யூ மரங்களுக்குப் பேர்போன தோட்டம் அது. போன்சாயைச் சித்திரவதை என்பவன் அந்த மரங்களுக்கிடையில் வாழ்கிறான், அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பிரிட்டனுக்குள் அந்நியக் களைகள் விண்ணிலிருந்து வரவில்லை. ஜப்பானிய நாட்வீட் 19ஆம் நூற்றாண்டில் அழகுச் செடியாக வந்து, தோட்டங்களிலிருந்து தப்பி, கட்டடங்களின் அடித்தளம்வரை தொல்லை தருகிறது. காக்கசஸ் மலைப்பகுதியிலிருந்து அதே காலத்தில் அழைத்துவரப்பட்ட ராட்சத ஹாக்வீடின் சாறு பட்டு வெயிலும் பட்டால் தோல் கொப்பளிக்கும். செல்வந்தர்கள் அரிய செடி வேண்டுமென்று உலகமெங்கும் ஆள் அனுப்பிய காலத்தின் எச்சங்கள் இவை. கதை ஒளிபரப்பான அந்த ஆண்டுகளில்தான், இறக்குமதி மரத்தோடு வந்த பூஞ்சை நோயால் இங்கிலாந்தின் எல்ம் மரங்கள் லட்சக்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தன. தூரதேசத்து நெற்றைக் காசு கொடுத்துத் தன் தோட்டத்துக்கு வரவழைக்கும் சேஸ் அந்த வரிசையில் கச்சிதமாக உட்காருகிறான். ஸ்டூவர்ட் அவனைத் தனியொரு பித்தனாக மட்டும் நிறுத்திவிட்டதால், அவனுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட பழக்கம் கேள்விக்கு உள்ளாகாமல் தப்புகிறது.

சேஸுக்கு எதிர்நிலையில் நிற்கக்கூடிய ஒருத்தி கதைக்குள்ளேயே இருக்கிறாள். மலர்களை வரையும் அமீலியா டுகாட் என்ற முதியவள். சில்வியா கோல்ரிட்ஜ் நடித்தது. அவள் வரைந்த ஓவியத்துக்குச் சேஸ் பணம் தரவில்லை. அந்தப் பாக்கியைச் சாக்காக வைத்து மாளிகைக்குள் துப்பறியப் போகிறாள். அவள் பூவை உற்றுப் பார்க்கிறாள், வரைகிறாள், அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறாள். செடியை நேசித்தும் மனிதரை நேசிக்க முடியும் என்று காட்ட இந்த ஒரு பாத்திரம் போதும். கதை அவளைச் சிரிப்புக்காகச் சில நிமிடங்கள் வைத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறது. ஐந்தாம் ஆறாம் பகுதிகளில் ஓடித் தீர்த்த நேரத்தில் ஒரு காட்சியையாவது, சேஸும் அவளும் ஒரே செடியின் முன் நின்று பேசும் ஒரு காட்சியையாவது, கொடுத்திருக்கலாம்.