ஆவேசத்தின் மொழி: ‘மணிச்சித்திரத்தாழ்’ திரைப்படமும் மறுவாக்கங்களும்

ஒரு பழைய மாளிகை, ஒரு சில மாந்தர் என்னும் சிறு எல்லைக்குள் ஆவேச அச்சத்தைத் தோற்றுவிப்பது எது? பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) இதற்கு மொழிவழி விடை தருகின்றது. மலையாளம் பேசும் கங்கா, கணவனுடன் நிகழும் சொல்லாடலின் நடுவே தமிழ் நாட்டிய நங்கை நாகவல்லியாகித் தமிழுக்கு மாறுகிறாள். மலையாள வினைமுற்றில் இட விகுதி இல்லை. தமிழ் வினைமுற்றில் உண்டு. ஆகவே, மொழி மாறியதும் வினைச்சொல்லே ‘நான்’ எனத் தன்னை அறிவித்துவிடுகின்றது. கேட்போர்க்குப் பெரிதும் விளங்கும் அண்டைமொழி என்பதால், நெருக்கமும் அயன்மையும் ஒருங்கே அச்சுறுத்துகின்றன. கதை இதனை உளநோய் என விளக்கிய பின்னும் அவ்வச்சம் எஞ்சுகின்றது.

கங்காவுக்குப் பாக்கியலட்சுமியும், நாகவல்லியின் தமிழ்ப் பேச்சுக்குத் துர்காவும் குரல் தந்தனர். துர்காவின் பங்கை இயக்குநர் வெளிப்படுத்தியது 2016இல்தான். ஓர் உடலில் இரு குரல் என்னும் நாட்டார் நம்பிக்கை இவ்வாறு ஒலிப்பதிவிலேயே மெய்ப்படுகின்றது.

மறுவாக்கங்களில் அயல்மொழி இடம்பெயர்கின்றது: தமிழ்ச் ‘சந்திரமுகி’யில் (2005) தெலுங்கு, இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளம். தமிழும் தெலுங்கும் இட விகுதி ஏற்பவை. எனவே மூலத்தின் இலக்கண அதிர்ச்சி ‘சந்திரமுகி’யில் நிகழ வழியில்லை. அயல்மொழிக்கு ஈடாக மற்றோர் அயல்மொழியை வைத்தல் போதாது. இரு மொழிகளுக்கு இடையேயுள்ள தொலைவையும் மொழிபெயர்ப்பாளர் அளந்து பெயர்த்தல் வேண்டும்.