முஸார் நூல்கள்: தெரிந்ததைப் பழக்கும் வழி

நல்லது எது என்று தெரியாமல் வழிதவறுகிறவர்களைவிட, தெரிந்தும் செய்ய மாட்டாமல் தவிக்கிறவர்களே அதிகம். யூத மரபில் இந்தத் தவிப்புக்கென்றே ஒரு நூல்வரிசை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. முஸார் என்று அதற்குப் பெயர். மறைநூலான தோராவையும் அதன் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூதையும் கரைத்துக் குடித்த ஒருவர் வீட்டுக்குப் போனதும் ஏன் வேலைக்காரியிடம் எரிந்து விழுகிறார்? முஸார் ஆசிரியர்கள் இந்த மாதிரிக் கேள்விகளை விடாமல் கேட்டார்கள். இன்று சுயமுன்னேற்ற அலமாரிகளிலும் இந்நூல்கள் ஏறிவிட்டன. அங்கே இவற்றின் உயிர்நாடி பாதிதான் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவரின் சுமையைத் தன் பயிற்சிக்களமாக எடுத்துக்கொண்டதுதான் முஸாரின் பெருமை என்று நான் கருதுகிறேன்.

11ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் ஸ்பெயினின் சரகோசாவில் வாழ்ந்த பஹ்யா இப்னு பக்கூதா 'இதயத்தின் கடமைகள்' என்ற நூலை அரபியில் எழுதினார். கையும் காலும் நாவும் செய்ய வேண்டியவற்றைப் பற்றி நூல்கள் குவிந்திருக்க, மனம் செய்ய வேண்டியதை யாரும் முறையாகத் தொகுக்கவில்லையே என்ற ஆதங்கம் அவருக்கு. சூஃபிகளின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். அடுத்த நூற்றாண்டில் யூதா இப்னு திப்போன் எபிரேயத்தில் பெயர்த்ததும் அது ஐரோப்பிய யூதர்களின் வீட்டு நூலாயிற்று. 1740இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான மோஷே ஹயிம் லுஸாத்தோவின் 'நேர்மையாளர் பாதை' இன்னும் செல்வாக்கானது. வாசகருக்குத் தெரியாத எதையும் தான் சொல்லப்போவதில்லை என்று முன்னுரையிலேயே அவர் எழுதிவிடுகிறார். எல்லாருக்கும் தெரிந்தது என்பதாலேயே மறந்துபோவதை நினைவூட்டுவதுதான் அவர் நோக்கம். விழிப்பில் தொடங்கிப் படிப்படியாகப் புனிதம்வரை ஏறும் அந்நூலை ஒருமுறை வாசித்தால் போதாது, திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும் என்கிறார்.

வாசிப்பைப் பழக்கமாக மாற்றும் வழியைத் தந்தவர் மெனாஹெம் மெண்டல் லெஃபின். 1808இல் வெளிவந்த அவரது 'ஆன்மாவின் கணக்கு', பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் விவரித்த முறையைத் தழுவியது. பொறுமை, ஒழுங்கு, அடக்கம், சிக்கனம், மௌனம், உண்மை என 13 குணங்கள், வாரத்துக்கு ஒன்று. 13 வாரங்களில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. இதற்கென ஓர் அட்டவணை: வரிசையில் குணங்கள், மேலே கிழமைகள். ஒவ்வோர் இரவும் அன்றைய சறுக்கல்களைக் கட்டத்தில் குறிக்க வேண்டும். வறண்ட ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் பொறுமைக்கான வாரத்தில் செவ்வாய்க்கிழமைக் கட்டம் நிறைந்திருந்தால், செவ்வாயன்று என்ன நடந்தது என்று யோசிக்காமல் இருக்க முடியாது. பொதுவான குற்றவுணர்வு போய், குறிப்பிட்ட ஒரு நாளும் குறிப்பிட்ட ஓர் ஆளும் கண்முன் வந்துவிடுகிறார்கள்.

இந்த நூல் 1840களில் வில்னாவில் மறுபதிப்புக் காணக் காரணமாக இருந்தவர் ரப்பி இஸ்ரேல் சலாந்தர் (1810-1883). லித்துவேனியாவில் பிறந்த இவர்தான் முஸாரை இயக்கமாக்கினார். மனித மனத்தில் வெளிச்சமான சக்திகளும் இருண்ட சக்திகளும் உண்டு, இருண்டவற்றை அறிவுரை எட்டாது என்று ஃபிராய்டுக்கு முந்தைய தலைமுறையிலேயே எழுதியவர். ஆகவே வணிகர்களும் வந்து உட்காரும்படி முஸார் இல்லங்கள் அமைக்கச் செய்தார். அங்கே நூல்களை மௌனமாக அல்ல, உரக்க, ராகமிட்டு, உள்ளம் கலங்கும்வரை படித்தார்கள்.

அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். விருந்துக்குப் போன வீட்டில், உணவுக்கு முன் கைகழுவும் சடங்குக்குச் சட்டம் கேட்கும் அளவு தண்ணீரை மட்டுமே எடுத்துக்கொண்டாராம். தாராளமாக ஊற்றிக்கொள்வதே சிறப்பாயிற்றே என்று கேட்டார்கள். கிணற்றிலிருந்து வாளிகளைத் தோளில் சுமந்து வரும் பணிப்பெண்ணைக் காட்டி, அவள் தோளின்மேல் ஏறி நின்று நான் பக்தி காட்டக் கூடாது என்றாராம். முஸாருக்கு விளக்கவுரை எத்தனை எழுதினாலும் இந்தச் செம்புத் தண்ணீரைத் தாண்டிச் செல்வது கடினம்.

அவருக்குப் பின் மூன்று வழிகள் பிரிந்தன. சிம்ஹா ஸிஸ்ஸலின் கெல்ம் பள்ளி ஒழுங்கையும், பிறர் பாரத்தைத் தோள்கொடுத்துச் சுமப்பதையும் வற்புறுத்தியது. நோசன் ஸ்வி ஃபிங்கலின் ஸ்லபோத்கா மனிதனின் மாண்பைப் பேசியது. ஏழை மாணவர்களும் நேர்த்தியாக உடுத்த வேண்டும் என்றது. யோசெஃப் யோஸெல் ஹொரோவிட்ஸின் நோவர்தோக் கடுமையானது. அங்கே மாணவர்கள் மருந்துக்கடைக்குப் போய் ஆணி கேட்பார்கள். ஊர் சிரிக்கும், அந்தச் சிரிப்பைத் தாங்கப் பழகுவார்கள். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தை அறுக்க அது உதவியிருக்கும். ஆனாலும் எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. அவமானத்தைப் பழகியவன் அடுத்தவரின் அவமானத்தையும் அற்பமாக எண்ணிவிடக்கூடும். நோவர்தோக்கில் படித்து வெளியேறிய ஹயிம் கிராதெ தன் இத்திஷ் புனைகதைகளில் அந்தப் பயிற்சியின் உக்கிரத்தையும் வலியையும் சேர்த்தே பதிவுசெய்திருக்கிறார்.

லித்துவேனிய யூதர்களில் பெரும்பாலோர் 1941 முதல் நாஜி இன அழிப்பில் கொன்றழிக்கப்பட்டபோது இந்த உலகமும் அழிந்தது. தப்பிய கிளைகள் இங்கிலாந்து, அமெரிக்கா, இஸ்ரேல் என்று வேரூன்றின. கெல்மில் பயின்ற எலியாஹு டெஸ்லர், நேசிப்பவருக்குக் கொடுக்கிறோம் என்பதைத் திருப்பிப் போட்டு, கொடுக்கக் கொடுக்கத்தான் நேசம் பிறக்கிறது என்று வாதிட்டார். 2007இல் ஆலன் மோரினிஸ் எழுதிய 'அன்றாடப் புனிதம்' மத வட்டாரத்துக்கு வெளியே இருந்தவர்களையும் முஸாருக்கு அழைத்து வந்தது. இந்தப் பரவலை வரவேற்கிறேன். ஆனால் பல கையேடுகளில் என் கோபம், என் அமைதி, என் வளர்ச்சி என்று எல்லாமே தன்னைச் சுற்றியே நின்றுவிடுகின்றன.

அத்தகைய கையேடுகளோடு 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அதே தவற்றுக்கு அதே வாய்ப்பும் அதே வலுவும் மீண்டும் வந்து, அப்போது விலகி நின்றால்தான் ஒருவன் முழுமையாகத் திருந்தியவன் என்கிறது அவரது சட்டத் தொகுப்பான 'மிஷ்னே தோரா'. பிறருக்குச் செய்த தீங்கை பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் தானாகத் தீர்க்காது. பாதிக்கப்பட்டவரிடம் நேரில் போக வேண்டும். அவர் மறுத்தால் நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். அப்படி மூன்று முறை. அவர் இறந்துவிட்டால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குப் பணம் பாக்கி இருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். வாரிசு யாரென்று தெரியாவிட்டால் நீதிமன்றத்தில் கட்டிவிட வேண்டும்.