ஆல்ட்டோவுக்கு யார் மார்க் போடுவது?

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் 'பக்திச் சுற்று' என்றால் வரிசை நமக்கு மனப்பாடம். முருகன் பாட்டு ஒன்று, அம்மன் பாட்டு ஒன்று, நாகூர் ஹனிபா ஒன்று, கடைசியில் ஒரு கிறிஸ்தவப் பாட்டு. அதுவும் அநேகமாகச் சினிமாப் பாட்டு. 'மிஸ்ஸியம்மா'வில் (1955) பி. லீலா பாடியது, 'ஞான ஒளி'யில் (1972) டி.எம்.எஸ். பாடியது, 'மின்சார கனவி'ல் (1997) அனுராதா ஸ்ரீராம் பாடியது என்று தேர்வு சுற்றிச் சுற்றி வரும். ராக் இசைக்கும் இதே கதிதான். கிடார் கொஞ்சம் உறுமுகிற சினிமாப் பாட்டைத் தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பாடிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

கிறிஸ்தவ இசை, ராக் இரண்டும் சென்னைக்கு வெளியூர்ச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893-ல் தொடங்கிய சேர்ந்திசைக் குழு; மியூசிக் அகாடமியைவிட மூத்தது. மயிலாப்பூர் சாய் லாட்ஜின் சிறிய அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். இளையராஜா அங்கே படித்தவர், ஏ.ஆர். ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றவர். இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அந்த பாக், வாழ்நாளில் பெரும்பகுதி தேவாலயத்துக்காக எழுதியவர். ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் வாசித்தார். அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்தில் 'மார்டி கிரா' என்று தொடங்கி 'சாரங்' என்று பெயர் மாறிய விழாவின் ராக் இரவுகளுக்கென்றே ஒரு தலைமுறை ரசிகர்கள் உண்டு.

தேவாலயப் பக்கம் இன்னும் வளமானது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் இன்றும் ஞாயிறு ஆராதனையில் ஒலிக்கின்றன. பாமாலை என்பது வேறு, கீர்த்தனை என்பது வேறு. முதலாவது ஆர்கனோடு நான்கு பாகமாகப் பாடுவது, இரண்டாவது ராகத்தில் அமைந்தது. மூன்றாவதாக, கிடாரும் டிரம்ஸுமாக வந்த ஆராதனைப் பாட்டு. பெர்க்மான்ஸ் அடிகளின் ஜெபத்தோட்டப் பாடல்கள் கேசட் காலத்திலேயே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டன. கிரீன்வேஸ் சாலையிலிருந்து இயங்கும் 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் மறைந்த டி.ஜி.எஸ். தினகரனும் பாடகராக இருந்தவர்தான். ஆனால் இப்படிப்பட்டவர்கள் திரையில் தோன்றுவது ஜெப நிகழ்ச்சியில். அங்கே பாட்டு பிரசங்கத்துக்குத் துணை. இசை என்று யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தப் பாட்டுகள் போட்டி மேடைக்கு வராததற்குக் காரணம் மத விஷயத்தில் காட்டும் எச்சரிக்கை என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. 2018-ல் எதிர்ப்பு கிளம்பியதால் கிறிஸ்தவக் கீர்த்தனைக் கச்சேரி ஒன்றிலிருந்து கர்நாடக இசைப் பாடகர் ஓ.எஸ். அருண் விலகியதும், இன்னொரு கர்நாடக இசைப் பாடகரான டி.எம். கிருஷ்ணா மாதம் ஒரு பாட்டு இயேசு மீதோ அல்லா மீதோ வெளியிடுவேன் என்று அறிவித்ததும் நினைவிருக்கும். ஆனாலும் பெரிய காரணம் போட்டி நிகழ்ச்சியின் அமைப்புதான் என்பது என் கட்சி. 

பாமாலையின் நான்கு பாகங்களில் ஒன்றான ஆல்ட்டோவைப் பாடுகிறவர் நாலைந்து சுரங்களுக்குள்ளேயே உலவிக்கொண்டிருப்பார். தனியாகக் கேட்டால் மெட்டே இல்லாத மாதிரி இருக்கும். சோப்ரானோவும் டெனரும் பாஸும் சேரும்போதுதான் அந்த ஆல்ட்டோ எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று காதுக்குப் புரியும். சூப்பர் சிங்கரானாலும் சரிகமபவானாலும் கேமரா ஒரு முகத்தை க்ளோசப்பில் பிடிக்கிறது. நடுவர் 'அந்தச் சங்கதி பிரமாதம்' என்கிறார். ஆல்ட்டோவுக்கு யார் மார்க் போடுவது? ராக் குழுவில் பாஸ் கிடார்காரருக்கும் இதே பிரச்சினை. கருப்பின அமெரிக்கர்களின் தேவாலய இசையான காஸ்பெல்லிலும் முன்பாடகர் ஒரு வரி எறிந்தால் கூட்டம் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் அது காஸ்பெல் இல்லை.

வெளிநாட்டில் இதைச் சரியாகப் புரிந்துகொண்ட தொலைக்காட்சி இருந்தது. 1964-ல் இங்கிலாந்தின் கிரனாடா நிறுவனம் மான்செஸ்டரில் மூடிக்கிடந்த ஒரு ரயில் நிலையத்தை அரங்காக மாற்றியது. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் ரசிகர்கள், எதிர் நடைமேடையில் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். மழை கொட்டி ஓய்ந்த ஈரத்தில், கோட்டு போட்டுக்கொண்டு, எலெக்ட்ரிக் கிடாரைத் தோளில் மாட்டி, கடவுளைப் பாடினார். ராக் இசையின் கிடார் பாணிக்கு முன்னோடி அவர். நான்காண்டு கழித்து என்பிசி சேனலில் எல்விஸ் பிரெஸ்லி தன் நிகழ்ச்சியில் காஸ்பெல்லுக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கினார்.

நமக்கு அதற்குப் பக்கத்தில் வருவது 2012-ல் எம்டிவி 'அன்பிளக்ட்'டில் ரஹ்மான் வந்த அத்தியாயம். 'கடல்' படத்துக்காகச் சக்திஸ்ரீ கோபாலன் பாடிய பாட்டைப் படம் வருமுன்னரே அதில்தான் கேட்டோம். பாடுகிறவரைச் சுற்றி வாசிக்கிறவர்களும் தெரிந்தார்கள்; யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. அதே படத்தில் ஹரிசரணும் கோரஸும் பாடும் தேவாலயப் பாட்டு, தமிழ் சினிமா காஸ்பெல்லுக்கு மிக நெருங்கிய இடம். போட்டி மேடையில் ஒருவரே அதைப் பாடினால் பாதிப் பாட்டுதான் மிஞ்சும்.

மார்கழியில் சபா கச்சேரிகளை வரிசையாகப் படம்பிடித்து ஒளிபரப்பத் தெரிந்த ஊர் இது. அதே வாரங்களில் சாந்தோமிலும் அடையாறிலும் கேரல் ஒத்திகை நடக்கிறது; கிடாரும் டிரம்ஸும் கற்ற பிள்ளைகள் பலரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஓர் அத்தியாயத்துக்கு இருபது பேர் நிற்க ஒரு மேடையும் கொஞ்சம் அதிகமாக மைக்குகளும் போதும். நடுவர் நாற்காலிகளை மட்டும் அன்றைக்கு அரங்கத்திலிருந்து எடுத்து வைத்துவிட வேண்டும்.