ஆளில்லாத குடா

பிஜி என்றால் நமக்குக் கரும்புத் தோட்டமும் பாரதியும்தான் ஞாபகம் வரும். இது அந்தக் கதை இல்லை. பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு, பிஜியின் பூர்வகுடிக் கிராமங்களுக்குப் போய்வரும் வெளிநாட்டுக்காரர்களின் பயண எழுத்தையும் காணொளிகளையும் பற்றியது. சில மாதமாக வேலை முடிந்த ராத்திரிகளில் இதைத்தான் படிக்கிறேன், பார்க்கிறேன். அலுக்கவே இல்லை. ஆனால் ஒன்று உறுத்திக்கிட்டே இருக்கு.

பெரும்பாலும் ஒரே ஆரம்பம்: பவளப்பாறை இடுக்கில் நுழைந்தோம், ஆளே இல்லாத குடா, நங்கூரம் போட்டோம், சொர்க்கம்! அடுத்த காட்சி 'செவுசெவு'. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழற்றி, இடுப்பில் சுலு துணி சுற்றி, ஒரு கட்டு யங்கோனா வேரை ஊர்த் தலைவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டு சில வார்த்தைகள் சொல்வார். இடித்த வேரைத் தண்ணீரில் கரைத்து, சிரட்டையில் சுற்றி வரும். நாக்கு மரத்துப்போகும், எல்லோரும் சிரிப்பார்கள், காட்சி முடிந்தது.

இதை ஏதோ நுழைவுச்சீட்டு மாதிரி எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தகராறு.

அந்தக் குடா ஆளில்லாதது கிடையாது. பிஜியின் கரையோரக் கடலும் பவளத்திட்டுகளும் 'கோலிங்கோலி' என்ற மீன்பிடி எல்லைகளாகப் பிரிக்கப்பட்டு, குலங்களின் பரம்பரை உரிமையாகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் கடலடி நிலத்தின் உடைமை அரசுக்கு. அந்த உடைமையையும் குலங்களுக்கே மாற்றித்தர 2006-ல் வந்த மசோதா, அதே டிசம்பரில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இவ்வளவு வழக்கு நடந்த தண்ணீரில் நங்கூரம் போட்டுவிட்டு 'காலி இடம்' என்றால் எப்படி?

செவுசெவு என்பது அனுமதி கேட்பது. ஏற்றுக்கொண்டால் உங்களைப் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. ஊர்க் கட்டுப்பாட்டை மதிப்பது உங்கள் பொறுப்பு. என் தொழில் பாஷையில் சொன்னால், அது பாஸ்வேர்ட் இல்லை, ஒப்பந்தம். நாம்தான் எந்த ஒப்பந்தத்தையும் படிக்காமல் 'ஏற்கிறேன்' அழுத்திப் பழகியவர்கள் ஆச்சே!

இன்னொரு தேய்ந்த வாசகம், 'காலம் தொடாத கிராமம்'. லாவ் தீவுகளைப் பற்றி இப்படிச் சொல்வதைப் பார்க்கிறேன். அங்கே லகெம்பா தீவில் மெதடிஸ்ட் மிஷனரிகள் வந்து இறங்கியது 1835-ல். இன்றைக்குப் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, நீந்தக்கூடாது என்பதன் வேர் அதில்தான். 1875-ல் தகோம்பாவ் மன்னரை சிட்னியிலிருந்து கூட்டிவந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலோடு தட்டம்மையும் வந்தது. செத்தவர்கள் சுமார் 40,000 பேர். கப்பலில் வந்த காலம் அந்த ஊர்களை எப்போதோ தொட்டாச்சு.

படகுவாசிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர் ஜெனரேட்டரையும் சோலார் பேனலையும் மெனக்கெட்டுச் சரிசெய்து தருகிறவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் ராத்திரி ஆனால் அவர்கள் சொந்தக் கட்டிலுக்குத் திரும்பிவிடலாம், ஊர் பிடிக்காவிட்டால் காலையில் பாயை விரிக்கலாம். 'அவர்களோடு வாழ்ந்தோம்' என்று எழுதுகிறவர் அந்த இடைவெளியையும் எழுதணும்.

இப்போதெல்லாம் இந்த வகைப் பதிவைத் திறந்தால் ஒன்றைத்தான் முதலில் தேடுகிறேன்: ஊர் இவர்களிடம் எதைச் செய்ய வேண்டாம் என்று சொன்னது? அந்த ஒரு வரி இருந்தால் மேலே படிக்கிறேன்.