இலங்கைச் சபையும் கடற்கரைச் சபையும்: ஸ்ரீவிபீஷணாழ்வானின் துணிபு குறித்து ஓர் ஆராய்ச்சி

ஸ்ரீராமாயணம் சரணாகதி சாஸ்த்ரம் என்பது நம் பூர்வாசார்யர்களின் ஸித்தாந்தம். அதனை நிலைநாட்டவே ஸ்வாமி வேதாந்த தேசிகன் அபயப்ரதானஸாரத்தை அருளிச்செய்தார். வ்யாக்யான சக்ரவர்த்தியான பெரியவாச்சான்பிள்ளையும் தனிச்லோக வ்யாக்யானத்தில் அபயப்ரதானப் பகுதியை விரித்துரைத்தார். ஆகவே யுத்தகாண்டத்தின் 17, 18-ஆம் ஸர்க்கங்கள் நம்மவர்க்கு நன்கு பழகியவை. உபந்யாஸங்களும் பெரும்பாலும் விபீஷணாழ்வான் நான்கு அரக்கரோடு ஆகாயத்தில் வந்து நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

இப்படித் தொடங்குவதால் ஒரு குறை நேர்கிறது. சரணாகதி ஒரு கணத்து உணர்ச்சிப் பெருக்கு போலவும், ஆராய்ந்து துணிவதற்கு அங்கே இடமில்லாதது போலவும் கேட்போர்க்குத் தோன்றிவிடுகிறது. வால்மீகி பகவான் அவ்வாறு அமைக்கவில்லை. கடற்கரையில் கூடிய சபைக்கு முன்பே இலங்கையில் ஒரு சபையை அவர் காட்டுகிறார். இரண்டையும் ஒப்புநோக்கினாலன்றி விபீஷணாழ்வானின் துணிபும், அதற்குப் பெருமாள் அளித்த விடையும் முழுப்பொருள் தாரா.

தென்னாட்டுப் பாடத்தில் யுத்தகாண்டம் 6-ஆம் ஸர்க்கத்தில் ராவணன் தன் மந்திரிகளை நோக்கிப் பேசுகிறான். மனிதர் மூவகையினர் என்கிறான். தக்கோரோடு ஆலோசித்து, தெய்வத்தைப் பற்றி நின்று முயல்பவன் உத்தமன். தானே தனித்து எண்ணிச் செய்பவன் மத்யமன். குணதோஷம் பாராமல் செய்துவிடுவோம் என்று இறங்குபவன் அதமன். ஆலோசனையையும் அவ்வாறே மூன்றாக வகுக்கிறான். இலக்கண அளவில் இதில் ஒரு பிழையும் இல்லை. சொன்னவன் நீதி சாஸ்த்ரம் அறியாதவனும் அல்லன். ஆனால் பிராட்டியைக் கவர்ந்து வந்து மாதங்கள் கழிந்து, திருவடி இலங்கையை எரித்துச் சென்ற பின்னரே இதனைச் சொல்கிறான். தன் வாயாலேயே தன்னை அதமன் என்று தீர்ப்பிட்டுக்கொண்டதை அவன் உணரவில்லை. 12-ஆம் ஸர்க்கத்தில் இக்குற்றத்தைக் கும்பகர்ணனே எடுத்துரைக்கிறான். செய்வதற்கு முன் கேட்க வேண்டியதைச் செய்த பின் கேட்பது நீதியாகாது என்பது அவன் கண்டனத்தின் கருத்து.

சபையினர் செய்ததும் ஆலோசனை அன்று. ப்ரஹஸ்தன் முதலானோர் தத்தம் வலிமையையே பேசினர். அவர்கள் அரசன் கேட்க விரும்பியதைச் சொன்னார்கள். முடிவு முன்னமே எடுக்கப்பட்டுவிட்ட இடத்தில் ஆலோசனை என்பது அம்முடிவிற்குத் துதி பாடுவதாகவே முடியும். விபீஷணாழ்வான் ஒருவனே, பெருமாள் முன்பு ராவணனுக்கு இழைத்த தீங்கு யாது என்ற கேள்வியை எழுப்பிப் பிராட்டியைத் திருப்பி அளிக்கும்படி வேண்டினான்.

இங்கு நுட்பமாக நோக்கத்தக்கது ஒன்று உண்டு. ராவணன் செயல் தவறு என்பதை விபீஷணாழ்வான் ஒருவன் மட்டும் அறிந்திருந்தான் என்பதில்லை. மாரீசன் ஆரண்யகாண்டத்திலேயே அதனைத் தெளிவாக எடுத்துரைத்தான். கசப்பான ஹிதத்தைச் சொல்வாரும் கேட்பாரும் அரியர் என்ற பொருள் அவன் வாயிலும், பின்பு விபீஷணாழ்வான் வாயிலும் ஒரே வகையில் வருகிறது. கும்பகர்ணனும் தவறு என்றே சொன்னான். மூவர்க்கும் அறிவு ஒன்றே, துணிபு வேறாயிற்று. மாரீசன், மறுத்தால் ராவணன் கையால் சாவு, இசைந்தால் பெருமாள் கையால் சாவு என்று எண்ணி, அச்சத்தால் தவற்றுக்குக் கருவியானான். கும்பகர்ணன் தமையன்பால் கொண்ட பற்றினால், கண்டித்த வாயாலேயே போர் புரிய வாக்களித்தான். விபீஷணாழ்வான் சொல்ல வேண்டியதைப் பலமுறை சொல்லி, கேட்கப்படாது என்பது உறுதியானபின், வைது இகழப்பட்ட நிலையில் நீங்கினான்.

கம்பநாட்டாழ்வார் கும்பகர்ணனின் செஞ்சோற்றுக் கடனை உருக்கமாகப் பாடினார். அதனைக் கொண்டு விபீஷணாழ்வானை உடன்பிறந்தானைக் காட்டிக்கொடுத்தவன் என்று பழிப்போர் இன்றும் உளர். இப்பழி புதியதன்று. கடற்கரையில் மஹாராஜரே இதனை முதலில் எழுப்பினார். ஆபத்தில் தமையனையே விட்டவன் வேறு யாரைத்தான் விடமாட்டான் என்பது அவர் ஆக்ஷேபம். ஆதிகவி இதனை மறைக்கவில்லை. சபையிலேயே வைத்து விசாரிக்கச் செய்கிறார். கும்பகர்ணனின் நன்றி போற்றத்தக்கதே. ஆயினும் அந்நன்றி பிராட்டியின் சிறையைத் தீர்க்கவில்லை, தமையனையும் காக்கவில்லை. பந்துவின் ஹிதத்திற்காகச் சொல்வதெல்லாம் சொல்லி முடித்தவனுக்கு, அவனுடைய அதர்மத்திலும் பங்குகொள்ளும் கடமை இல்லை என்பதே விபீஷணாழ்வான் கண்ட விவேகம். அதற்கு அவன் கொடுத்த விலையும் சிறிதன்று. மனைவி மக்களை விட்டு வந்தேன் என்று அவனே விண்ணப்பிக்கிறான்.

இனிக் கடற்கரைச் சபை. பெருமாள் எல்லோரையும் அபிப்ராயம் கேட்கிறார். தேவரீர் அறியாதது ஒன்றுமில்லை, எங்களைக் கௌரவிக்கவே கேட்கிறீர் என்று வானர முதலிகள் சொல்லியும் அவர்களைப் பேசவிடுகிறார். குணதோஷங்களை ஆராய்ந்து கொள்ளலாம் என்கிறான் அங்கதன். ஒற்றனை அனுப்பலாம் என்கிறான் சரபன். வந்த இடமும் காலமும் பொருந்தவில்லை என்று ஐயுறுகிறான் ஜாம்பவான். இனிய சொற்களால் மெல்ல வினவலாம் என்கிறான் மைந்தன். திருவடி இந்நால்வர் வாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சமாதானம் சொல்கிறார். ஒரு பணியில் நியமித்தாலன்றிக் குணம் புலப்படாது. எதிரே நிற்பவனிடம் ஒற்றனுக்கு வேலை இல்லை. ராவணனின் தீமையையும் பெருமாளின் வீரத்தையும் ஒப்பிட்டு வந்தவனுக்கு இதுவே தக்க இடமும் காலமும். திடீரென்று வினவினால் அறிவுடையவன் ஐயுறுவான், வாய்த்த நட்பும் கெடும் என்பன அவர் யுக்திகள். வந்தவனுடைய முகமும் சொல்லும் தெளிவாயிருத்தலால் அவன் துஷ்டன் அல்லன் என்று கண்டு, முடிவைப் பெருமாளிடமே விடுகிறார்.

பெருமாளின் முடிவும் ஏற்றுக்கொள்வதே. ஆனால் காரணம் வேறு. குற்றமற்றவன் ஆகையால் ஏற்கலாம் என்றார் திருவடி. குற்றம் இருப்பினும் விடேன் என்றார் பெருமாள். மித்ரபாவம் என்னும் சொல்லை, உண்மையில் நட்பு இல்லாமல் நட்பின் வேஷம் மட்டும் இருந்தாலும் போதும் என்னும் அளவுக்கு வ்யாக்யாதாக்கள் விரிப்பது இதனாலேயே. பிறனுடைய யோக்யதையின்மேல் எழுப்பிய முடிவு, அந்த மதிப்பீடு பிழைத்தால் சரிந்துவிடும். தன் வ்ரதத்தின்மேல் எழுப்பிய முடிவு வந்தவன் ராவணனேயாயினும் அசையாது. அதனாலன்றோ விபீஷணனாயினும் ராவணனாயினும் அழைத்து வாரும் என்று அருளிச்செய்தார்.

பெருமாள் ஆராயாமல் முடிவு செய்தார் என்று இதனால் கொள்ளலாகாது. அரச குலத்தில் பந்துக்கள் ஒருவரையொருவர் அஞ்சுவது இயல்பு என்னும் நீதியை அவரே எடுத்துக்காட்டுகிறார். வந்தவனால் வரக்கூடிய தீங்கையும் எடைபோட்டு, விரல் நுனியாலேயே அரக்கரை அழிக்கவல்லேன் என்று அச்சத்தைத் தீர்க்கிறார். கபோத உபாக்யானத்தையும் கண்டு மஹரிஷியின் வசனத்தையும் ப்ரமாணமாகக் காட்டுகிறார். அனைத்திற்கும் மேலாக, மறுத்து நின்ற மஹாராஜரின் மனம் மாறும்வரை பேசி, அவரையே அழைத்துவர நியமிக்கிறார். இலங்கையில் மறுத்தவன் வெளியேற நேர்ந்தது. கடற்கரையில் மறுத்தவரே வரவேற்கச் சென்றார்.

இங்கு ஒரு சங்கை எழக்கூடும். ஜீவன் பரதந்த்ரன், அனைத்தும் எம்பெருமான் ஸங்கல்பப்படி நடப்பவை. அப்படியிருக்க விபீஷணன் துணிந்தான், கும்பகர்ணன் துணிந்தான் என்று பிரித்துப் பேசுவது எவ்வாறு பொருந்தும்? இச்சங்கைக்கு எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் பராயத்தாதிகரணத்தில் விடை அருளினார். ஜீவனுக்குக் கர்த்ருத்வம் உண்டு. அது பரமாத்மாவின் அதீனமானது. ஆயினும் ஜீவன் செய்யும் முதல் முயற்சியை நோக்கியே எம்பெருமான் அனுமதி அளிக்கிறான். இருவர்க்குப் பொதுவான தனத்தை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க மற்றவனின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றுக் கொடுத்தாலும் அதன் பலன் கொடுத்தவனுக்கே என்பது அங்கு காட்டப்பட்ட த்ருஷ்டாந்தம். ஆகவே, நான் செய்த தவறு பகவத் ஸங்கல்பம் என்று சொல்பவன் பாரதந்த்ர்யத்தைப் பேசவில்லை. தன் முதல் முயற்சியை மறைக்கிறான். கீதாசார்யனும் அனைத்தையும் உபதேசித்து, இதனை முழுதும் ஆராய்ந்து விரும்பியபடி செய் என்று அர்ஜுனனிடம் விட்ட பின்னரே சரமச்லோகத்தை அருளிச்செய்தான் என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

ப்ரபத்தியின் ஸ்வரூபத்தைப் பற்றி நம் ஸம்ப்ரதாயத்தில் இரு நிர்வாகங்கள் உண்டு. எந்த நிர்வாகத்திலும், பற்றத்தக்கது எது, விடத்தக்கது எது என்னும் விவேகம் வேண்டா என்று சொல்லப்படவில்லை. விபீஷணாழ்வானை ஆழ்வான் என்று நாம் வழங்குவது அவன் இலங்கையை விட்டதற்காக மட்டும் அன்று. விடவேண்டியதை அறிந்து, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து, பற்றவேண்டிய திருவடிகளைப் பற்றியதற்காகவும் ஆகும்.

ஆதலால் விபீஷண சரணாகதியைக் காலக்ஷேபமாக ஸாதிப்போர் 17-ஆம் ஸர்க்கத்தில் தொடங்காமல் 6-ஆம் ஸர்க்கத்தில் தொடங்குவது நலம். ராவணன் சொன்ன உத்தம புருஷ லக்ஷணத்தைக் கேட்டபின், அதனை நடத்திக்காட்டியவர் சக்ரவர்த்தித் திருமகன் என்பது கேட்போர்க்குத் தானே விளங்கும்.